முனகலாம், மேடையில் இருந்தால்

பியானோ கலைஞர் க்ளென் கூல்டின் இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு அந்த முனகல் தெரிந்திருக்கும். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அவர் 1955இல் ஒருமுறையும் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1981இல் மறுமுறையும் பதிவு செய்தார். இரண்டாவதில் முனகல் இன்னும் துலக்கம். விரல்கள் ஒரு பக்கம் போக, தொண்டை தன்பாட்டுக்கு இன்னொரு குரலை இழுத்துக்கொண்டு கூடவே போகிறது. சுருதி அப்படியொன்றும் சுத்தமில்லை. ஒலிப்பதிவாளர்கள் என்னென்னவோ செய்து பார்த்தும் அதை வாசிப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. சில பதிவுகளில் ஒரு கிறீச்சொலியும் கேட்கும். அது அவருடைய அப்பா கால்களை அறுத்துத் தாழ்த்திக்கொடுத்த மடக்கு நாற்காலி. உலகத்தின் எந்த அரங்குக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போனார்; உட்காரும் பகுதி நைந்து வெறும் சட்டமாகிப்போன பிறகும் அதை விடவில்லை. வெயில் காலத்திலும் மேல்கோட்டு, மஃப்ளர், கையுறை. யாராவது கைகுலுக்க வந்தால் பின்வாங்குவார். முதுகில் தட்டிவிட்டார் என்று பியானோ கம்பெனியின் ஊழியர் ஒருவரை முன்னிட்டு வழக்கே போட்டார். இவையெல்லாம் இன்று கூல்ட் புராணத்தின் அத்தியாயங்கள். முனகல் இல்லாத கூல்ட் இசைத்தட்டு ஒன்று கையில் கிடைத்தால் போலி என்றே சந்தேகப்படுவேன். ஆனால் நெடுநாளாக ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இதே முனகலோடு, இதே கோட்டோடு, இதே மாதிரி உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு ஒருவர் மேடையில் அமராமல் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்தால், அந்த முனகலுக்கு என்ன பெயர்? தொந்தரவு. அவர் இடைவேளை வரைக்கும்கூட உள்ளே இருக்கமாட்டார்.

கூல்டுக்கு, ஆட்டிசத்தின் ஒரு வகையாகச் சொல்லப்பட்ட ஆஸ்பர்கர் இருந்தது என்று அவர் மறைந்த பிறகு சிலர் எழுதினார்கள். இல்லவே இல்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். இறந்தவர்களுக்கு வைத்தியச் சீட்டு எழுதும் பழக்கத்தில் எனக்கு ஒட்டுதல் இல்லை. மொசார்ட், பீத்தோவன், சாட்டி என்று பட்டியல் போட்டு ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டிவிட்டால், உயிரோடு இருக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சின்ன ஆறுதல் கிடைக்கலாம். அதற்குமேல் அதனால் யாருக்கும் பயனில்லை. அந்த ஆறுதலிலும் ஒரு விஷம் உண்டு. உன் பிள்ளை மேதையானால் அவனுடைய ஆட்டத்தையும் முனகலையும் பொறுத்துக்கொள்வோம் என்கிற பேரம் அது. மேதையாகாத பிள்ளை என்ன செய்யும்? கூல்டின் மூளைக்குள் என்ன இருந்ததோ, அவர் எதைத் தாங்கமாட்டாமல் போனார் என்பதற்குத் தெளிவான சாட்சி இருக்கிறது. 1962இல் கைதட்டலைத் தடை செய்யவேண்டும் என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் ஒரு கட்டுரை எழுதினார். 1964 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலிஸில் வாசித்துவிட்டு, முப்பத்தொரு வயதில் மேடையை விட்டே இறங்கிவிட்டார். அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் ஸ்டூடியோவும் மைக்கும் நள்ளிரவுத் தொலைபேசியும்தான். அரங்கத்தை அவரால் மாற்ற முடியவில்லை, வெளியேறினார். வெளியேறிய பிறகும் அவருக்கு இசை இருந்தது, வருமானமும் இருந்தது. எல்லோருக்கும் அப்படி வெளியேற வாய்ப்பதில்லை.

இருக்கைகளின் பக்கம் வருவோம். 2019 மே மாதம் பாஸ்டனின் சிம்பனி ஹாலில், அந்த ஊரின் பழைய இசைக்குழுவான ஹாண்டல் அண்ட் ஹைடன் சொசைட்டி மொசார்ட்டின் மேசானிய இரங்கல் இசையை வாசித்தது. ஐந்தாறு நிமிடம்தான் வரும். துக்கத்திலேயே நடந்து, கடைசி ஒரு ஸ்வரக்கூட்டில் மட்டும் எதிர்பாராத வெளிச்சத்தில் போய் நிற்கும் படைப்பு. அந்த அரங்கத்தில் ஓர் ஒலி முழுவதும் அடங்க ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும். கடைசி ஒலி அடங்கி, ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இடைவெளியில், மேலே எங்கிருந்தோ ஒரு குழந்தையின் குரல் 'வாவ்' என்றது. நீளமாக, சந்தேகமே இல்லாமல். அரங்கம் சிரித்தது, பிறகு கைதட்டியது. வானொலிப் பதிவில் அது விழுந்திருந்தது. இசைக்குழுவினர் அந்தக் குழந்தையைத் தேடி எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார்கள். கிடைத்தவன் ஒன்பது வயதுப் பையன், தாத்தாவோடு வந்திருந்தான், ஆட்டிசம் உள்ளவன், பேச்சு மிக அரிது. நடத்துநரைச் சந்திக்க அழைத்துப்போனார்கள். உலகம் முழுக்க அந்தப் பதிவு சுற்றியது. நானும் கேட்டேன், கண் கலங்கியது, அனுப்பவேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

கலங்கிய கண் காய்ந்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது. அந்த 'வாவ்' நமக்குப் பிடித்துப்போக இரண்டு காரணங்கள். ஒன்று, அது இசை முடிந்த பிறகு வந்தது. இரண்டு, அது பாராட்டாக இருந்தது. இசையின் நடுவில் வந்திருந்தால்? 'வாவ்' என்ற வடிவம் இல்லாமல், காதைப் பொத்திக்கொண்டு எழுப்பும் அலறலாகவோ, ஒரே சொல்லை நாற்பது தடவை திருப்பிச் சொல்வதாகவோ இருந்திருந்தால்? அப்போதும் அந்தக் குழந்தை இசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும், ஒருவேளை நம்மைவிட அதிகமாகவே. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015இல், நியூயார்க்கில் 'தி கிங் அண்ட் ஐ' இசைநாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு குழந்தை கத்தியது. அதுவும் ஆட்டிசம் உள்ள குழந்தை. பார்வையாளர்கள் சிலர் அந்தத் தாயைத் திட்டி வெளியே போகச் சொன்னார்கள். நாடகத்தில் நடித்த கெல்வின் மூன் லோ அன்றே தாயின் பக்கம் நின்று எழுதினார். அவர் எழுதியதில் எனக்கு உறைத்த விவரம் இது: குழந்தை கத்தியது சாட்டையடிக் காட்சியில். ஒரு வாரத்துக்கு முன் அதே காட்சியில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வீரிட்டு அழுதாள், ஆட்டிசம் இருப்பதாகத் தெரியாத சிறுமி. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் ஒருவரைச் சாட்டையால் அடிக்கப்போகிறார்கள். அதைப் பார்த்து அலறுவது எந்த ஊர் அளவுகோலில் பிழையான ரசனை? இரண்டு அலறலுக்கும் ஒலியளவில் வேறுபாடு இருந்திருக்காது. அலறியவர் யார் என்பதைப் பார்த்துத்தான் அரங்கம் தீர்ப்புச் சொன்னது.

இந்த மௌனம் சாசுவதமானது போலப் பேசுகிறோம், அப்படி இல்லை. 1778இல் பாரிஸில் தன் சிம்பனி அரங்கேறியதைப் பற்றி மொசார்ட் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். முதல் பகுதியின் நடுவிலேயே, அவர் எதிர்பார்த்த இடத்தில், கூட்டம் ஆர்ப்பரித்துக் கைதட்டியதாம். கடைசிப் பகுதியை வேண்டுமென்றே மெல்லிசாக ஆரம்பித்தபோது ஒருவரையொருவர் 'உஷ்' என்று அடக்கியதாம். உடனே முழக்கம் வந்ததும் மறுபடி கைதட்டல். மனிதருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கச்சேரி முடிந்ததும் நேரே போய் ஐஸ்க்ரீம் சாப்பிட்டிருக்கிறார். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத்தான், 1876இல், பைராய்த் இசைநாடக அரங்கில் வாக்னர் விளக்கை அணைத்து ஜனங்களை இருட்டில் உட்காரவைத்தார். இருமலை விழுங்கிக்கொள்வது நாகரிகத்தின் அடையாளமானது அந்த நூற்றாண்டின் கடைசியில்.

நம் சபாக்களில் அப்படி இல்லை என்று ஒரு பெருமை நமக்கு உண்டு. தொடையில் தட்டித் தாளம் போடலாம், 'பலே' சொல்லலாம், 'ஆஹா' என்று கையை விரிக்கலாம், தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகலாம். (மிருதங்கக்காரர்கள் இதை எப்படித்தான் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கட்டுரை.) ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தச் சத்தமும் உரிமம் பெற்ற சத்தம்தான். தலையாட்டல் சங்கதி விழுந்த இடத்தில் இருக்கவேண்டும். தாளம் சரியாக இருக்கவேண்டும். மிஸ்ர சாபுவில் ஒரு கை தப்பி விழுந்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். ஞானத்தை அறிவிக்கும் சத்தத்துக்கு அனுமதி, மற்றதற்கு இல்லை. சபாக்களில் வேறொரு மனிதரையும் பார்த்திருக்கிறோம்: வருஷா வருஷம் அதே இருக்கை, அதே துணிப்பை, எந்த வித்வான் எந்த ஆண்டு எந்த ராகத்தை எத்தனை நிமிஷம் பாடினார் என்று தேதிவாரியாகக் குறித்த நோட்டு. இடைவேளையில் பேச்சுக் கொடுத்தால் கண்ணைப் பார்க்காமல் எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவார். அவரைப் 'பித்து' என்று செல்லமாகச் சொல்வோம். அவருக்கு என்ன என்று கேட்கவேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை; இடம் இருந்தது, அது போதுமாக இருந்தது. அவர் சத்தம் போடாதவராக இருந்தது அந்த இடத்துக்கு அவர் கொடுத்த விலை என்று இப்போது படுகிறது.

ஆட்டிசத்தை முதன்முதலில் விவரித்தவர்களில் ஒருவரான லியோ கேனர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். முதல் குழந்தை ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் முனகியது என்று அதில் குறிப்பு இருக்கிறது. அதே கட்டுரையில், வேக்குவம் கிளீனர், லிஃப்ட், முட்டை அடிக்கும் கருவி போன்றவற்றின் ஓசைக்குக் குழந்தைகள் நடுங்குவதையும் எழுதுகிறார். கேனர் சொன்ன பலவற்றை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் ஓரிடத்தில் அவர் கவனித்தது கூர்மையானது: இந்தக் குழந்தைகள் சத்தத்துக்கு அஞ்சுவதில்லை, தங்கள்மேல் வந்து விழும் சத்தத்துக்கே அஞ்சுகிறார்கள், தாங்களே எழுப்புவதானால் அதே அளவு சத்தத்தை ஆனந்தமாக எழுப்புவார்கள். எனக்குத் தெரிந்து, இசையை இவர்களுக்கு எட்டச் செய்வது பற்றிப் பின்னால் வந்த கையேடுகளெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். சத்தம் எவ்வளவு இருக்கும், எப்போது வரும், வேண்டாமென்றால் எப்படித் தப்பிப்பது. இந்த மூன்றும் கேட்பவர் கையில் இருந்தால் பெருமுழக்கமும் இனிக்கும். இல்லாவிட்டால் தம்பூராவே சித்திரவதை.

நாகஸ்வரம் கேட்ட பழைய முறையில் அந்தப் பிடி கேட்பவரிடம் இருந்தது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்துக்கொண்டு வருகிறார்கள். தவிலுக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டவன் நிற்கலாம். வேண்டாதவன் திண்ணையில் உட்காரலாம், அடுத்த தெருவுக்குப் போய் அங்கிருந்து கேட்கலாம், குளத்துக்கு அக்கரையில் படுத்துக்கொண்டு தோடி காற்றில் மிதந்து வருவதைக் கேட்கலாம். தூரம்தான் அங்கே ஒலிக்கட்டுப்பாடு. ஒரே வாத்தியத்துக்கு ஊர் முழுக்க ஆயிரம் இருக்கைகள், எதற்கும் எண் கிடையாது. அதே வாத்தியத்தைக் கொண்டுவந்து, டைல்ஸ் பதித்த கல்யாண மண்டபத்துக்குள் உட்காரவைத்து, முன்னால் மைக்கும் வைத்தோம். கெட்டிமேளம் எப்போது வெடிக்கும் என்று ஐயருக்கும் தவில்காரருக்கும் மட்டும்தான் தெரியும். மாலையில் மெல்லிசைக் குழு வருகிறது; ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து வரும் பேஸ் நெஞ்செலும்பில் இடிக்கிறது; எதிரே இருப்பவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்கக் கத்தவேண்டியிருக்கிறது. மண்டபத்து மாடிப்படிக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும், சேலை கசங்க அதன் பக்கத்தில் குந்தியிருக்கும் அம்மாவையும் நீங்களும் பார்த்திருக்கலாம். "எங்க போனாலும் இப்படித்தாங்க, அதனால யார் வீட்டு விசேஷத்துக்கும் போறதில்ல" என்பார்கள். இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. பத்து மணிக்கு முன்னால் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பிள்ளையைப் பற்றி நாம்தான் யோசிக்கவேண்டும்.

மேடைக்குக் கிடைக்கும் சலுகையைப் பற்றி முதலில் சற்றுப் பொறாமையோடு எழுதிவிட்டேன். அது எல்லோருக்கும் வாய்த்த சலுகையும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1849இல் அடிமையாகப் பிறந்த டாம் விக்கின்ஸுக்குக் கண் தெரியாது. எந்த ஒலியையும் ஒருமுறை கேட்டுத் திரும்ப எழுப்புவார். இன்றைய சொல்லில் ஆட்டிசம் என்றே பலரும் கருதுகிறார்கள். 1860இல் குடியரசுத் தலைவர் ப்யூக்கனனுக்காக வெள்ளை மாளிகையில் வாசித்தபோது வயது பதினொன்றுகூட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருடைய முனகலும் குதித்தலும் அரங்கத்தில் விற்பனைச் சரக்கு. அடிமை முறை ஒழிந்த பிறகும் 'காப்பாளர்' என்ற பெயரில் நீதிமன்றம் அவரைப் பழைய எஜமானர் குடும்பத்தின் கையிலேயே விட்டது; சம்பாத்தியமும் அங்கேயே போனது. மேடையில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மேடையை விட்டு இறங்க மட்டும் உரிமை கிடையாது.

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய 'ரே'யின் கதை இன்னும் சிக்கலானது. டூரெட் நோய்க்குறி உள்ளவர், ஜாஸ் டிரம்ஸ் வாசிப்பவர். திடீரென்று வெட்டி இழுக்கும் ஒரு அசைவு, நினைக்காமல் விழும் ஒரு அடி. அதையே முளையாகப் பிடித்துக்கொண்டு கற்பனையை விரித்துக்கொண்டு போவார். ஹாலோபெரிடால் கொடுத்ததும் வெட்டிழுப்பு அடங்கியது. வேலை நிலைத்தது, குடும்பம் நிலைத்தது. வாசிப்புச் சப்பென்று ஆகிவிட்டது. கடைசியில் அவரே ஒரு வழி கண்டார்: வார நாட்களில் மருந்து, வாரக் கடைசியில் மருந்தில்லாத டிரம்ஸ். இதை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. ஐந்து நாள் நமக்காகவும் இரண்டு நாள் தனக்காகவும் ஒருவர் வாழவேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் வட்டி யாருக்குப் போகிறது?

டெரக் பாராவிசினி வேறு மாதிரி. 1979இல் இங்கிலாந்தில் இருபத்தைந்தாவது வாரத்திலேயே பிறந்தவர். பார்வை இல்லை, ஆட்டிசம் உண்டு. சின்னப் பிள்ளையாக ஒரு பார்வையற்றோர் பள்ளிக்கு அழைத்துப்போனபோது, அங்கே பியானோ வாசித்துக்கொண்டிருந்த சிறுமியைத் தள்ளிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து, விரல் போதாமல் முஷ்டியாலும் முழங்கையாலும் வாசித்தாராம். ஆசிரியர் ஆடம் ஆக்கெல்ஃபோர்ட் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை, இசை என்று எடுத்துக்கொண்டார். பாடம் நடத்த முடிந்ததா? ஸ்டூலில் இன்னொருவர் உட்காரவே பையன் விடமாட்டான். அவனைத் தூக்கிக்கொண்டுபோய் அறையின் மறுமூலையில் விட்டுவிட்டு, அவன் தடவிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஓடிவந்து ஓரிரு ஸ்வரம் வாசித்துக் காட்டுவாராம். அவ்வளவுதான் பாடம். வருஷக்கணக்கில். மேதைமையைப் பற்றிய வியப்புகளை ஒதுக்கிவிட்டு, அறையின் குறுக்கே ஓடிய அந்த ஆசிரியரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது பல நாடுகளில் தனிக் காட்சிகள் நடக்கின்றன. 2011 அக்டோபரில் பிராட்வேயில் 'லயன் கிங்' அப்படி நடந்தது: ஒலியைத் தணித்து, வெட்டி மின்னும் விளக்குகளை நீக்கி, வெளிக்கூடத்தில் அமைதியான மூலைகள் ஒதுக்கி. பிரிட்டனில் இசைக்குழுக்களும் 'ரிலாக்ஸ்டு' கச்சேரிகள் என்று நடத்துகின்றன. அரங்கத்தில் பாதி வெளிச்சம் இருக்கும். எழுந்து நடக்கலாம், சத்தம் வரலாம், வெளியே போய்த் திரும்பலாம். என்னென்ன நடக்கும் என்று படங்களோடு முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போய்வந்த பெற்றோர் எழுதியதைப் படித்தால் மனசு நிறைகிறது: முதல்முறையாக யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஒரு மாலை. ஆனாலும் தனி நாள், தனிக் கூட்டம் என்றதும் நம் ஊர்க்காரனுக்கு உள்ளே ஏதோ இடறும். தனியாக வைப்பது எதில் கொண்டுபோய் விடும் என்று நமக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சரி, எல்லாக் கச்சேரியையும் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு. மகிழ்ச்சியில் கிறீச்சிடும் பிள்ளைக்கும், அந்தக் கிறீச்சைக் கேட்டால் காதுக்குள் ஊசி இறங்கும் பிள்ளைக்கும் மருத்துவர் எழுதும் பெயர் ஒன்றுதான். ஒருவருக்குத் திறக்கும் கதவு இன்னொருவருக்கு அடைக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கும் விதி எதையும் நான் பார்த்ததில்லை. இருக்கும் என்றும் தோன்றவில்லை. இரண்டு வகைக் கச்சேரியும் இருக்கட்டும், எதற்குப் போவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும் என்பதைத் தவிர.

அரங்கமே ஏந்திக்கொண்ட ஒரு பொழுதையும் சொல்லவேண்டும். 2023 ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் லூயிஸ் கபால்டி பாடிக்கொண்டிருந்தார். தனக்கு டூரெட் என்று முந்தைய ஆண்டுதான் வெளியே சொல்லியிருந்தார். தோள் வெட்டி இழுத்தது, குரல் போய்விட்டது. அவருடைய பேர்பெற்ற பாட்டை அந்தப் பெருங்கூட்டம் முழுவதுமாகப் பாடி முடித்தது. பிறகு அவர் நீண்ட ஓய்வில் போனார். 2025இல் அதே விழாவுக்குத் திரும்பி வந்து பாடினார். அவர் நட்சத்திரம் என்பதால்தான் கூட்டம் அந்தத் தோளைக் கொடுத்தது என்று சொல்லலாம்தான். கொடுக்கத் தெரியும் என்பதாவது அன்று தெரிந்தது.

நம் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் இருபத்தொன்றில் ஆட்டிசமும் இருக்கிறது. கலையிலும் பொழுதுபோக்கிலும் சம பங்கு என்றும் அது பேசுகிறது. சபாக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. காதுக்கும் மனசுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும் என்பது இன்னும் யாருக்கும் உறைக்கவில்லை. கச்சேரிக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது: வர்ணம், கீர்த்தனைகள், பிரதான உருப்படி, தனி, துக்கடா, மங்களம். அந்த வரிசையே பாதி உதவி. மீதிப் பாதியை நாம் ரகசியமாக வைத்துக்கொள்கிறோம். அடுத்து என்ன ராகம் என்று ஊகிப்பது நமக்கு விளையாட்டு. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது சிலருக்கு மூச்சுத்திணறல்.

ஆகவே டிசம்பர் அட்டவணை போட உட்காரும் செயலாளர்களே, மைக் செட்காரரிடம் ஒலியைக் குறைக்கச் சொல்ல உங்களால்தான் முடியும். பாட்டுப் பட்டியலையும், தனி ஏறக்குறைய எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதையும், வேண்டுபவர்களுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். வாசல் பக்கம் இரண்டு வரிசைக்கு விளக்கை அணைக்காமல் விடுங்கள். ஒரு சிறிய அறையில் குறைந்த ஒலியில் கச்சேரி கேட்க ஒரு ஸ்பீக்கர் வையுங்கள். எழுந்துபோனவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்து, வாசலில் நிற்பவரிடமும் சொல்லிவையுங்கள். கேன்டீனுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சலுகையை எத்தனையோ காலமாக நீங்கள் கொடுத்துவருகிறீர்கள்.